சுக்கா போடுவது எப்படி: சுவரைவிடக் கூரைதான் முக்கியம்

தமிழ் விவிலியத்தில் ‘கூடாரப்பண்டிகை’ என்று வருவதுதான் யூதர்களின் சுக்கோத். யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 15ஆம் தேதி பிறக்கும். 2026இல் அது செப்டம்பர் 25, வெள்ளி மாலை. எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோர் கூடாரங்களில் தங்கியதை நினைத்து, ஏழு நாளும் ‘சுக்கா’ என்ற பந்தலில்தான் சாப்பாடு. யோம் கிப்பூர் நோன்பு முடிந்த இரவே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். கையில் இருப்பது நாலே நாள்.

முதலில் இடம். பந்தலுக்கு மேலே வானம் மட்டுமே இருக்க வேண்டும். மரக்கிளை, சன்ஷேடு, மாடிவீட்டு பால்கனி எதுவும் தலைக்கு மேல் வரக்கூடாது. ஜெருசலேமில் ஆசாரமான யூதர்கள் வாழும் பகுதிகளில் பால்கனிகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் விலகி விலகி இருப்பது இதற்காகத்தான்.

சுவருக்குக் கெடுபிடி குறைவு. பலகை, தகரம், துணி எதுவும் ஆகும். மூன்று பக்கம் அடைத்தால் போதும். உயரம் குறைந்தது 1 மீட்டர் இருக்கட்டும். துணிச் சுவரில்தான் தவறு நடக்கும். காற்றில் உப்பி ஆடும் துணி சுவராகக் கணக்கில் வராது. அதற்கு ஒரு வழி உண்டு. தரையிலிருந்து 20 செ.மீ.க்கு ஒன்றாக, 1 மீட்டர் உயரம் வரை ஐந்து கயிறுகளைப் பந்தலைச் சுற்றி விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். 24 செ.மீ.க்குக் குறைந்த இடைவெளியை அடைத்ததாகவே யூத சமயச் சட்டம் எடுத்துக்கொள்ளும். துணி ஆடினாலும் கயிறே சுவர்.

இனி கூரை, அதாவது ‘ஸ்காக்’. இது மண்ணில் முளைத்ததாக, வெட்டி எடுத்ததாக இருக்க வேண்டும். பேரீச்ச ஓலை, மூங்கில், சவுக்கு மிலார் எல்லாம் சரி. கொடியை வேரோடு அப்படியே படரவிட்டால் செல்லாது. கடையில் வாங்கும் மூங்கில் தட்டியைத் திருப்பிப் பாருங்கள்: நைலான் நூலோ கம்பியோ போட்டுப் பின்னியிருந்தால் உதவாது. உட்காரும் பாயும் ஆகாது. சுவர் நின்ற பிறகே கூரை போட வேண்டும், முன்பு அல்ல.

மேலே மரச் சட்டங்களைக் குறுக்கே வைத்து அவற்றின்மேல் ஓலையைப் பரப்புங்கள். இரும்புக் குழாய்மேல் நேராக வைப்பதைத் தவிர்ப்பார்கள். நண்பகலில் உள்ளே நின்று பாருங்கள். வெயிலைவிட நிழல் கூடுதலாக விழ வேண்டும். பச்சை ஓலை இரண்டு மூன்று நாளில் சுருங்கிவிடும், அதனால் முதல் நாளே ஒரு பங்கு கூட்டிப் போடுங்கள். அதற்காக மழையே இறங்காதபடி மூடிவிடவும் கூடாது. இடுக்கில் நட்சத்திரம் தெரிந்தால் உத்தமம்.

மழைக்கு மேலே பிளாஸ்டிக் விரிக்கலாம், ஆனால் சாப்பிட உட்காரும்போது சுருட்டியே ஆக வேண்டும். மறந்துவிட்டால் சுக்காவில் சாப்பிட்டதாகக் கணக்கில்லை. பழம், வண்ணத்தாள் தோரணங்களைக் கூரையை ஒட்டியே கட்டுங்கள்; 30 செ.மீ.க்குக் கீழே தொங்கவிட வேண்டாம்.

முதல் இரவு ஆலிவ் காயளவு ரொட்டியாவது உள்ளே உண்பது கட்டாயம். மழை வந்தால் விடும்வரை கொஞ்சம் காத்திருப்பார்கள். மற்ற நாட்களில் தட்டிலிருக்கும் கூழ் கெடும் அளவுக்கு மழை சொட்டினால், தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடலாம்.