கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூஸ் வாத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் கிறிஸ்துமஸ் மதியம் என்றால் ஆட்டுக்கறியும் நாட்டுக்கோழியும்தான் வழக்கம். தோட்டத்தில் காவலுக்கென்று கூஸ் வாத்து வளர்க்கிற வீடுகளில் மட்டும், இந்த வருஷம் அதில் ஒன்றை அடித்துவிடலாமா என்ற பேச்சு டிசம்பரில் எழும். தாராளமாக அடிக்கலாம். பக்குவமாகச் செய்தால் அந்த ருசிக்கு ஈடே கிடையாது. அது கெட்டுப்போவதெல்லாம் பெரிய கோழி என்று நினைத்துச் சமைப்பதால்தான். கோழிக்கு நெஞ்சுக்கறி வெள்ளை, கூஸுக்கு நெஞ்சும் சிவப்பு. கோழிக்கு நாம் எண்ணெய் ஊற்றுகிறோம், கூஸிலிருந்து எண்ணெயை நாம் வடித்து எடுக்க வேண்டும்.

முதல் தவறு பறவையைத் தேர்வு செய்வதிலேயே நடந்துவிடுகிறது. கூஸ் 20 வருஷம்கூட உயிரோடு இருக்கும். வாசலில் ஆளைக் கண்டால் கழுத்தை நீட்டிச் சீறுகிற அந்தப் பழைய காவல்காரனைப் பிடித்து முழுசாக ரோஸ்ட் போட்டால் பல்லுதான் வலிக்கும். ரோஸ்டுக்கு ஒரு வயசுக்கு உட்பட்டதுதான் சரி. மார்பெலும்பின் பின்நுனியை அழுத்திப் பாருங்கள். குருத்தாக வளைந்தால் இளசு, கல்லாக நின்றால் முற்றல். முற்றலை வறுத்தரைத்த குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், சின்னத் தீயில் பொறுமையாக வேகட்டும். வயல் மேய்ச்சலுக்கு வரும் கூட்டத்திலிருந்து முட்டை ஓய்ந்த வாத்தை மலிவாக வாங்குகிறவர்களுக்கும் இதேதான்: குழம்பு வையுங்கள், ரோஸ்ட் வேண்டாம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். குளிர்காலத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரித்தலை வாத்துகள் வருகின்றன. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் காட்டுக் கூஸ்கள் அவை. குளக்கரை ஊர்களில் யாராவது காட்டு வாத்துக் கறி இருக்கு என்று ரகசியமாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் கூந்தன்குளம். அந்தப் பறவையை அடித்து ஏசு பிறந்தநாள் கொண்டாடுவதில் எந்த நியாயமும் இல்லை.

கேரளாவில் பறவைக் காய்ச்சல் செய்தி வரும் வருஷங்களில் செங்கோட்டை வழியாக உயிர்வாத்து கொண்டுவருவதையும் தவிருங்கள். 2014 நவம்பரிலும் 2021 டிசம்பரிலும் ஆலப்புழை பக்கம் வாத்துகளுக்குத்தான் அது வந்தது, இரண்டு தடவையும் கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயம். எப்போது வாங்கினாலும் சோர்ந்து தூங்கி வழிகிற பறவை வேண்டாம். தானாகச் செத்ததை அடுப்படிக்கே கொண்டுவரக் கூடாது.

அடுத்தது இறகு. தண்ணீரில் மிதக்கிற பறவை என்பதால் இறகில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், வெந்நீரில் முக்கினாலும் நீர் உள்ளே இறங்காது. அதனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறார்கள், தோல் வெந்து இறகோடு கிழிந்து வந்துவிடுகிறது. தண்ணீர் 65 முதல் 70 டிகிரி சூட்டில் இருந்தால் போதும். அதில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் கொஞ்சம் விட்டால் நீர் அடிவரை போகும். கம்பால் அமுக்கிப் பிடித்து இரண்டு மூன்று நிமிஷம் முக்கி எடுங்கள். பெரிய இறகு போன பிறகும் பஞ்சு மாதிரி பூந்தூவி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் காய்ந்த பனையோலைத் தீயில் லேசாக வாட்டி, நன்றாகக் கழுவி, மஞ்சள் தேய்த்துத் துடைத்துவிடலாம். குழாயடியில் வைத்துச் சளசளவென்று கழுவினால் அந்தத் தண்ணீர் பக்கத்தில் நறுக்கி வைத்த பச்சடி வெங்காயத்தில் தெறிக்கும், கிருமியும் அதோடு போகும். தனி அண்டாவில், தள்ளி வைத்துக் கழுவுங்கள்.

வாலின் மேல்புறம், அடிப்பகுதியில், மஞ்சளாக இரண்டு மொட்டு சேர்ந்தாற்போல் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். இறகுக்கு எண்ணெய் தருவது அதுதான். அதைச் சுற்றிக் கொஞ்சம் ஆழமாகவே அறுத்து எறிந்துவிட வேண்டும். வாத்துக்கறி என்றாலே கவிச்சி அடிக்கும் என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் பலர் சாப்பிட்டது இதை எடுக்காமல் சமைத்த கறியாக இருக்கும். எத்தனை இஞ்சி பூண்டு அரைத்துப் போட்டாலும் அந்த வாடை போகாது.

இனி அடுப்பு. 5 கிலோ கூஸ் வீட்டில் இருக்கும் சின்ன ஓவனுக்குள் போகாது. பலர் இதை 25-ம் தேதி காலையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். முந்தின வாரமே அளந்து பாருங்கள். போகாது என்றால் முழுசாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். கால்களைத் தனியாகவும் நெஞ்சைத் தனியாகவும் வெட்டி வைப்பதுதான் உண்மையில் நல்ல சமையல். காலுக்கு நேரம் வேண்டும், நெஞ்சு சீக்கிரம் வெந்து அப்புறம் வறண்டு போகும். இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கினால் ஏதாவது ஒன்று கெடும்.

ஃப்ரீசரில் வைத்த பறவை என்றால் 21-ம் தேதியே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் 2 கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு நாள் கணக்கு. ராத்திரி மேடையில் எடுத்து வைத்துவிட்டு விடியற்காலை ஆராதனைக்குப் போகிற பழக்கம் ஆபத்து. வெளித்தோல் நம் ஊர்ச் சூட்டில் கெட ஆரம்பிக்கும்போது உள்ளே இன்னும் ஐஸ் இருக்கும்.

மசாலா விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். தயிரும் மிளகாய்த்தூளும் குழைத்துத் தோல் மேல் அப்பி ஊற வைத்தால் தோல் மொறுமொறுப்பாகாது. தூள் கருகும், உள்ளே கொழுப்பு அப்படியே நிற்கும். தோலுக்கு உப்பும் மிளகும் மட்டும் போதும். உப்பு தடவி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் மூடாமல் வையுங்கள், காலையில் தோல் காய்ந்து விறைப்பாக இருக்கும். மசாலாவை உள்பக்கம் தடவுங்கள். வயிற்றுக்குள் வெங்காயம், கறிவேப்பிலை, புளியங்குடி எலுமிச்சை இரண்டை வெட்டிப் போடலாம். பிரியாணிச் சோறு அடைப்பது மட்டும் வேண்டாம். சோறு கொழுப்பைக் குடித்துப் பிசுபிசுவென்று ஆகும், நடுவில் சரியாகச் சூடும் ஏறாது.

தோலை ஊசியால் நெருக்கமாகக் குத்திவிடுங்கள். சாய்வாகப் பிடித்துத் தோலையும் கொழுப்பையும் மட்டும் குத்த வேண்டும், கறியில் இறங்கினால் சாறு ஒழுகிவிடும். கம்பித் தட்டின் மேல் வைத்து, கீழ்த் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, 160 டிகிரியில் ஆரம்பியுங்கள். ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தேவையில்லை. அரைமணி நேரம் போனதும் ஒவ்வொரு துளையிலும் தெளிவான கொழுப்பு மணிமணியாகப் பொங்கி வழியும். அவ்வப்போது அதை ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் வடித்து வையுங்கள். வடிக்காமல் விட்டால் புகையும், தீயும் பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஓவனை அணைத்துக் கதவை மூடியே வையுங்கள். முழுப் பறவைக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். கடைசி 20 நிமிஷம் 200 டிகிரிக்கு ஏற்றினால் தோல் பொன்னிறமாகும். உடன்குடிக் கருப்பட்டிப் பாகு பூச ஆசை இருந்தால் இறக்குவதற்கு 10 நிமிஷம் முன்பு பூசுங்கள், முன்னாலேயே பூசினால் கரிதான். தொடையின் கனமான இடத்தில் 74 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தச் சந்தேகமே வராது. எடுத்ததும் வெட்டாமல் 20 நிமிஷம் விட்டால் சாறு கறிக்குள்ளேயே தங்கும்.

பந்தி போடும்போது ஒரு கணக்குத் தவறும். பறவை பெரிதாகத் தெரிந்தாலும் பாதி எலும்பும் கொழுப்பும்தான். 5 கிலோ கூஸ் 6 முதல் 8 பேருக்குக் காணும். 15 பேர் வருகிறார்கள் என்றால் கூடவே ஆட்டுக்கறியும் வையுங்கள். வாத்து உடம்புக்குக் குளிர்ச்சி, மூலத்துக்கு நல்லது என்று சொல்லிப் பெரியவர்களுக்கு அள்ளி வைப்பார்கள். தோலோடு 100 கிராம் கறியில் ஏறக்குறைய 300 கலோரி, அதில் கொழுப்பு மட்டும் 20 கிராமுக்கு மேல். இதய நோய் உள்ளவர்களுக்குத் தோலை எடுத்துவிட்டு இரண்டு துண்டு போதும். அதோடு தேங்காய்ப்பாலில் செய்த சொதியும் நெய்ச்சோறும் வைத்தால் யாருக்கும் திகட்டும். கூஸுக்குப் பக்கத்தில் புளிப்புதான் நிற்கும். ஜெர்மனியில் சிவப்பு முட்டைக்கோஸைப் புளிப்பாக வேகவைத்து வைப்பார்கள். நமக்கு எலுமிச்சை பிழிந்த வெங்காயப் பச்சடியும் நெல்லிக்காய் ஊறுகாயும் இருக்கின்றன. வெறும் ஆப்பமோ இடியாப்பமோ கூட இருந்தால் தட்டு நிறைவாகிவிடும்.

மிச்சத்தை மதியத்திலிருந்து ராத்திரி வரை மேஜையில் மூடி வைக்க வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். மறுநாள் கறியைப் பிய்த்துப் போட்டுச் சுண்ட வைத்தால் அதுவும் ஒரு விருந்துதான், எலும்பில் மிளகு ரசம் வைக்கலாம். வடித்த கொழுப்பைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் மனசு ஆறாது. துணியில் வடிகட்டி ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் போல உறைந்து ஒரு மாசத்துக்கு மேல் கெடாது. உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோல் உரித்து இந்தக் கொழுப்பில் ஒரு தடவை முறுக வறுத்துப் பாருங்கள், பொங்கலுக்குள் பாட்டில் காலியாகிவிடும்.