ஏறுது, சினை மட்டும் பிடிக்கல

சேலத்து மே மாதம். சோவியத் சின்சில்லா ஆண் முயலின் கூண்டில் நியூசிலாந்து வெள்ளைப் பெட்டையை விட்டால் ஆண் ஏறும், இணை சேர்ந்ததற்கு அடையாளமாகப் பக்கவாட்டில் சரிந்தும் விழும். 14ஆம் நாள் பெட்டையின் அடிவயிற்றைத் தடவினால் கோலிக்குண்டு போலக் கரு எதுவும் தட்டுப்படாது.

பெட்டைக்குக் கொழுப்பு என்று அடர்தீவனத்தைக் குறைத்தேன். வீண். ஏற்காட்டுக் குளிரில் வளர்ந்த ஆண் ஒன்றை இரவல் வாங்கி விட்டதும் அதே பெட்டைகள் பிடித்தன.

கோளாறு என் ஆண் முயலிடம்தான். தகரக் கூரையடியில் 35 டிகிரி. அதன் விரை தளர்ந்து சுருங்கியிருந்தது. ஏறும் வேகம் குறையாததால் ஏமாந்தேன்.

கூரைமேல் தென்னங்கீற்று, பக்கத்தில் ஈரச்சாக்கு, கூண்டு கீழ்த்தட்டுக்கு. மறுநாளே சேர்த்துப் பயனில்லை. புது விந்து உருவாக ஏறக்குறைய 50 நாள் ஆகும். 60 விட்டேன். அடுத்த ஈற்று, சேர்த்த 31ஆம் நாள், 7 குட்டி.