“சும்மாதானே நின்றாள்”: பிரசவ அறை அசம்பாவிதத்துக்குப் பிறகு பயிற்சி மாணவியிடம் செய்யக்கூடாதவை

தோள் சிக்கித் தாமதமாகப் பிறந்த குழந்தை அழவில்லை. மூத்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கையில் துண்டோடு சுவரோரம் நிற்கிறாள் மகப்பேற்றுப் பணி பயிலும் மாணவி. அடுத்த ஒரு மணி நேரத்தில் தாயிடம் பேச ஆள் உண்டு, பதிவேடு எழுத ஆள் உண்டு. அவள் பக்கம் யாரும் திரும்புவதில்லை. கேட்டால், “அவள் சும்மாதானே நின்றாள்” என்போம்.

முதல் தவறு இதுதான். வேலை செய்த கைகளுக்கு “என்னால் முடிந்ததைச் செய்தேன்” என்று சொல்லிக்கொள்ளவாவது இடமிருக்கும். வெறுமனே பார்த்து நின்றவளுக்கு அதுவும் இல்லை. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சலுக்கான மருத்துவ வரையறை, கொடிய நிகழ்வை நேரில் கண்டவரையும் கணக்கில் சேர்க்கிறது. சிகிச்சைத் தவறுகளில் சிக்கி மனம் உடையும் பணியாளரை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-ல் எழுதினார். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்ற ஆட்சேபம் பின்னர் எழுந்தது. அது நியாயமான ஆட்சேபம். ஆனாலும் அந்தச் சொல் சுட்டும் வலி பொய்யல்ல.

அடுத்தது, நல்லெண்ணத்தில் செய்கிற தவறு. அன்று மாலையே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, “நடந்ததை ஒன்றுவிடாமல் சொல், மனம் லேசாகும்” என்று கேட்பது. இப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பின்னாளைய மனஉளைச்சலைத் தடுப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. சிலருக்கு நிலைமையை மோசமாக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அவற்றில் உண்டு. மருத்துவக் குழு பத்து நிமிடம் கூடி, எந்த வரிசையில் என்ன நடந்தது என்று பேசிக்கொள்வது வேறு, அது வேண்டும். மாணவிக்கு அந்த நேரத்தில் தேவை ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், வீட்டுக்குத் துணை. பேச விரும்பினால் பேசட்டும்.

ஆறுதலும் விசாரணையும் ஒரே வாயிலிருந்து வருவதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமானதாகக் கருதுகிறேன். அவளுடைய பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியவரே தோளில் கைவைத்து, “என்னிடம் மனம் விட்டுச் சொல்” என்றால் அவள் எதைச் சொல்வாள்? தேர்ச்சி பெறத் தேவையானதைச் சொல்வாள். கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது மாறாது. ஆதரவுக்கு ஒருவர், மதிப்பீட்டுக்கு வேறொருவர் என்று முன்கூட்டியே பிரித்து வைப்பதே சரி. சம்பவ அறிக்கை எழுதச் சொன்னால் அது யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்பதை அவள் எழுதத் தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். மனப்பதிவு எழுதும் பயிற்சிக் குறிப்பேட்டுக்கும் இதே விதிதான். அழுதுகொண்டே எழுதிய வரி பிறகு விசாரணை மேசைக்கு வந்தால், அவள் இனி எதையும் நேர்மையாக எழுத மாட்டாள்.

“இதெல்லாம் பழகிவிடும்” என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. “உன் தவறே இல்லை” என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விசாரணை முடியுமுன் அதைச் சொல்ல நமக்கு எப்படித் தெரியும்? நாளை வேறுமாதிரி முடிவு வந்தால், அவள் நம்மையும் நம்பமாட்டாள். “என்ன நடந்தது என்று இன்னும் முழுமையாகத் தெரியவில்லை; எது தெரியவந்தாலும் நான் உன்னோடு இருப்பேன்” என்பது பாதுகாப்பானது, உண்மையும்கூட.

பிரசவ அறைப் பக்கமே வராதே என்று மாதக்கணக்கில் ஒதுக்கி வைப்பதும், மறுநாளே தனியாக அனுப்புவதும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. எப்போது, யாருடன் திரும்புவது என்று அவளையே கேட்கலாம். முதல் வாரத்தில் தூக்கமின்மையும் காட்சிகள் மீண்டும் மீண்டும் வருவதும் பலருக்கு இருக்கும். ஒரு மாதம் தாண்டியும் அவை குறையாவிட்டால் மனநல நிபுணரிடம் அனுப்ப வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்பதுபோலப் பேசினால் அன்றைக்கே. ஆனால் நம் அக்கறை முதல் வாரத்தோடு தீர்ந்துவிடுகிறது.

மிக எளிதாக மறந்துபோவது ஒன்று உண்டு. அடுத்த வார்டுக்கு மாற்றப்பட்ட மாணவிக்கு அந்தக் குழந்தை பிழைத்ததா என்பதையே யாரும் சொல்வதில்லை. குடும்பத்தின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும்தான். என்றாலும் சொல்லத்தக்க அளவுக்கு, பொறுப்பான ஒருவர் நேரில் அழைத்துச் சொல்லலாம். இல்லையென்றால் அவள் அதை வராந்தாப் பேச்சில் அரைகுறையாகக் கேட்டுக்கொள்வாள்.