98 நிமிடத் துடிப்பு யாருடையது? காந்த வெண்குறுமீன் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரியில் முதுகலை இயற்பியல் மாணவர்களின் ப்ராஜெக்டுகளுக்கு வழிகாட்டுகிறேன். போன வருடம் பென்னாகரத்து மாணவி ஒருவர் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "சார், சுற்றுக்காலம் கிடைச்சிருச்சு!" என்றார். இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட் எடுத்த, ஒரு காந்த வெண்குறுமீனின் எக்ஸ்-கதிர் தரவு. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் மிச்சம்தான் வெண்குறுமீன்; இது துணை விண்மீன் ஒன்றோடு சேர்ந்து சுற்றும். திரையில், துடிப்பைத் தேடும் வரைபடத்தில், 98 நிமிடத்தில் ஊசி மாதிரி ஒரு முகடு. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவே மனம் வரவில்லை. 2015-ல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் 650 கிலோமீட்டர் உயரத்தில் பூமியை ஒரு முறை சுற்றிவர ஆகும் நேரமும் கிட்டத்தட்ட 98 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றிலும் பூமி விண்மீனை மறைக்கும், தரவில் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளின் தாளம்தான் முகடாக நின்றது.

நான் அதிகம் பார்க்கும் தவறு இது. சரி, 98 நிமிடம் வந்தாலே தூக்கிப் போட்டுவிடலாமா? அதுவும் தவறு. ஈஎக்ஸ் ஹைட்ரே என்ற இரட்டை விண்மீனின் உண்மையான சுற்றுக்காலமே சுமார் 98 நிமிடம். அதன் வெண்குறுமீன் தன்னைத்தானே சுற்ற 67 நிமிடம். அதனால் முதலில் ஓட்டைகளை மட்டும் எடுத்து, அதே கணக்கை ஓட்டுங்கள். விண்மீன் இல்லாத வெற்று வானத்தின் பின்புலத் தரவையும் அதே காலத்தில் மடித்து, அதாவது 98 நிமிடத் துண்டுகளாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அங்கேயும் அதே முகடு வந்தால் சந்தேகப்படுங்கள். ஐரோப்பிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியான எக்ஸ்எம்எம்-நியூட்டன் பூமியைச் சுற்ற ஏறக்குறைய 48 மணி நேரம் எடுக்கும். அதன் தரவு இருந்தால், இடைவெளி இல்லாத நீண்ட பதிவில் அதே துடிப்பு தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். அந்த மாணவி மூன்றையும் செய்தார். அவருடைய முகடு கரைந்துபோனது.

நேரத்திருத்தத்தை மறப்பது அடுத்தது. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதால், ஒளி வந்துசேரும் நேரம் ஒரே நாளில் 8 நொடிக்கு மேல்கூட மாறும். 98 நிமிடத்துக்கு இது தூசு. ஆனால் 33 நொடியில் சுழலும் ஏஇ அக்வாரி என்ற வெண்குறுமீனுக்கு இது கால் சுற்று! சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு நேரத்தை மாற்றிவிட்டுத்தான் துடிப்பைத் தேட வேண்டும்.

அப்புறம் நிறமாலை. ஒகேனக்கல்லில் தண்ணீர் பாறையில் மோதிப் புகையாக எழுவதை நம்மூரில் பார்க்காதவர் இல்லை. இங்கே துணை விண்மீனின் வாயு, காந்தப்புலம் பிடித்து இழுக்கும் வழியில் துருவத்தை நோக்கி நொடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறது. பரப்புக்குச் சற்று மேலே அதிர்ச்சி அலையில் அந்த வேகம் வெப்பமாகி, கோடிக்கணக்கான டிகிரிக்குப் போய் எக்ஸ்-கதிரை உமிழ்கிறது. அந்த வெப்பநிலையிலிருந்துதான் வெண்குறுமீனின் நிறையைக் கணக்கிடுகிறோம்.

சறுக்குவதும் இங்கேதான். அஸ்ட்ரோசாட்டின் மென்கதிர்த் (ஆற்றல் குறைந்த எக்ஸ்-கதிர்) தொலைநோக்கி 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரைதான் பார்க்கும். வெப்பநிலையோ, அதே அலகில் சொன்னால், 30-ஐத் தாண்டலாம். மென்கதிரை மட்டும் வைத்து அதைச் சொல்வது, வாலைத் தடவிப் பார்த்து யானையின் எடையைச் சொல்வது மாதிரி. 79 வரை பார்க்கும் நியூஸ்டார் போன்ற வன்கதிர்த் தரவையும் சேருங்கள். 6.4-ல் இரும்புக் கோடு தெரிந்தால், கதிரில் ஒரு பங்கு வெண்குறுமீனின் பரப்பில் பட்டுத் திரும்பியிருக்கலாம். அதை மாதிரியில் சேர்க்காவிட்டால் வெப்பநிலையும் நிறையும் கூடுதலாக வரும். இன்னொரு பக்கம், காந்தப்புலம் சற்று வலுக்குறைந்த இடைநிலைப் போலார்கள் என்ற வகையில், வாயு விழத் தொடங்குவது எளிய கணக்கு எடுத்துக்கொள்வதுபோல முடிவிலாத் தொலைவிலிருந்து அல்ல, காந்தப்புலம் ஆளும் பகுதியான காந்தக்கோளத்தின் விளிம்பிலிருந்து. அதை விட்டால் நிறை குறைவாக வரும்.

ஏஎம் ஹெர்குலிஸ் போன்ற, காந்தப்புலம் மிக வலுவான போலார்கள் சில காலம் மங்கிக் கிடக்கும். வாயு வரத்து குறைந்த அந்த நாட்களில் எடுத்த தரவில் வெப்பநிலையைத் தேடி ஒரு பருவத்தையே வீணாக்க வேண்டாம். ஊத்தங்கரைப் பக்கம் தெரியும் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை. எக்ஸ்-கதிர் தரைக்கே வராது. ஆனால் போலார் விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்பது அந்த ஒளியிலேயே தெரிந்துவிடும். அன்றைய பிரகாசப் பதிவை முதலில் தேடிப் பாருங்கள், எக்ஸ்-கதிர்க் கோப்பை அப்புறம் திறக்கலாம்.