கவர் லெட்டரில் ரெஸ்யூமையே திரும்ப எழுதாதீர்கள்

"தங்கள் விளம்பரம் கண்டேன். நான் பி.காம். முடித்துள்ளேன். கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து செயல்படுவேன். வாய்ப்பளித்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்."

ஆள் எடுப்பவர்களின் இன்பாக்ஸில் வந்து குவியும் கவர் லெட்டர்களில் பல இவ்வளவுதான். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் பெயரை அழித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையன் பெயரைப் போட்டாலும் கடிதம் அப்படியே பொருந்தும். கோளாறு அங்கேதான்.

நீங்கள் இதுவரை படித்தது, செய்தது எல்லாம் ரெஸ்யூமில் இருக்கிறது. அதில் எந்தப் பகுதி இந்த வேலைக்கு உதவும் என்று எடுத்துக் காட்டத்தான் கவர் லெட்டர். விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எழுத உட்காருவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகளும் அதிலிருந்தே வருகின்றன.

கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று அக்கவுன்ட்ஸ் வேலைக்கு ஆள் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் தெரிய வேண்டும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தெரிய வேண்டும், இரண்டு வருட அனுபவம் வேண்டும். "டேலியும் ஜிஎஸ்டியும் நன்கு தெரியும்" என்று எல்லாரும்தான் எழுதுவார்கள். இதைப் பாருங்கள்:

"இப்போது வால்வு தயாரிக்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11ஆம் தேதிக்குள்ளும் 3பி-யை 20ஆம் தேதிக்குள்ளும் நானே தாக்கல் செய்கிறேன். 2பி வந்ததும் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்லுக்கு சப்ளையரிடம் பேசுவதும் என் பொறுப்பு. காஸ்டிங்கை வெளியே மெஷினிங்குக்கு அனுப்பும்போது டெலிவரி சலான் போட்டு, ஐடிசி-04 படிவத்துக்கான கணக்கையும் வைத்திருக்கிறேன்."

ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை விவரம், 3பி மாத வரிக் கணக்கு, 2பி என்பது சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது பொருளை வெளியே அனுப்பி வேலை செய்து வாங்குவதற்கு, உள்ள ஜிஎஸ்டி படிவம்தான் ஐடிசி-04. அதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பம்ப் கம்பெனி என்றால் ஜாப் ஒர்க் பெரும்பாலும் இருக்கும். அந்தத் தலைவலியை அறிந்த ஆள் இவர் என்று படிப்பவருக்கு உடனே பிடிபடும். "நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு எழுதுங்கள்" என்ற அறிவுரைக்கு என் கணக்கில் இதுதான் அர்த்தம். அவர்களின் இணையதளத்திலிருந்தே இரண்டு வரியை உருவி அவர்களையே பாராட்டுவதல்ல.

ஃப்ரெஷர்களுக்கும் இது பொருந்தும். லீவில் மாமாவின் ஹார்டுவேர் கடையில் டேலியில் பில் போட்டதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக "விரைவில் கற்றுக்கொள்வேன்" என்று எழுதுகிறார்கள். கடையைச் சொல்லுங்கள். எத்தனை மாதம், என்னென்ன செய்தீர்கள், ஸ்டாக் பார்த்தீர்களா என்று எழுதினால் போதும். அந்த ஒரு பத்திக்கு இருக்கும் எடை வெறும் ஆர்வத்துக்கு இல்லை.

அடுத்தது நடை. பள்ளியில் லீவ் லெட்டர் எழுதிப் பழகிய கை நமக்கு. "மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்", "தயைகூர்ந்து", "தங்கள் கீழ்ப்படிந்துள்ள" எல்லாம் தானாக வந்து விழும். ஆங்கிலத்தில் எழுதினால் "ரெஸ்பெக்டட் சார்", "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்". படிப்பவர் பெண்ணாகவும் இருக்கலாம் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். விளம்பரத்தில் பெயர் இருந்தால் பெயரைப் போடுங்கள். இல்லாவிட்டால் சார்/மேடம் போதும். வணக்கம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை கல்யாணம் நிற்கிறது என்று எழுதுபவர்களும் உண்டு. படிக்கிறவருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அதை வைத்து அவரால் யாரையும் தேர்வு செய்ய முடியாது. பழைய முதலாளியைப் பற்றிய புகாரும் அப்படித்தான். அது உண்மையாகவே இருந்தாலும் இங்கே வேண்டாம்.

வேலையில் இடைவெளி இருந்தால் மறைக்காதீர்கள். "குழந்தை பிறந்ததால் 2022 முதல் 2024 வரை வேலைக்குப் போகவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம். ரெஸ்யூமில் வருடங்கள் எப்படியும் தெரியும். நீங்கள் காரணம் சொல்லாவிட்டால் அவர்களாக ஒன்றை யூகித்துக்கொள்வார்கள். 90 நாள் நோட்டீஸ் பீரியடை வைத்துக்கொண்டு "உடனே சேரத் தயார்" என்று எழுதுவது இன்னும் மோசம். ஆஃபர் கைக்கு வரும் நேரத்தில் அது வெளியே வரும். எதிர்பார்க்கும் சம்பளத்தை விளம்பரத்தில் கேட்டிருந்தால் எழுதுங்கள், கேட்காவிட்டால் எழுத வேண்டாம்.

இப்போது சாட்ஜிபிடி கடிதங்கள். "தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் தொலைநோக்குப் பார்வை என்னை ஆழமாக ஈர்த்தது" என்று பம்ப் கம்பெனிக்கும் எழுதுகிறார்கள், பல் ஆஸ்பத்திரிக்கும் எழுதுகிறார்கள். எழுத்துப்பிழை பார்க்க, நீளத்தைக் குறைக்க அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சொல்ல வேண்டிய சரக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும். குறைந்தபட்சம் "நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவும்" என்ற வரியையாவது நீக்கிவிட்டு அனுப்புங்கள்! போன வாரம் விண்ணப்பித்த கம்பெனியின் பெயரோடு இந்த வாரக் கடிதம் போவதும் இதே ரகம்தான்.

அனுப்பும் விதத்திலும் கோட்டை விடுகிறார்கள். இருபது கம்பெனிகளின் முகவரியை ஒரே மெயிலில் வரிசையாகப் போட்டால் இருபது பேருக்கும் அது தெரியும். மெயிலில் ஒன்றுமே எழுதாமல் கவர் லெட்டரைத் தனி ஃபைலாக இணைத்தால் அதைத் திறந்து பார்ப்பார்கள் என்பது நிச்சயமில்லை. விளம்பரம் தனி ஃபைல் கேட்காத பட்சத்தில் மெயிலின் உடலிலேயே எழுதிவிடுங்கள். மொபைலில் பார்த்தால் மூன்று நான்கு சிறு பத்தி, அவ்வளவுதான். சப்ஜெக்ட் வரியில் வேலையின் பெயர், உங்கள் பெயர், அனுபவம். ஃபைலுக்கு "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2" என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரையே வையுங்கள்.

கடைசியாக, ஆதார், பான் கார்டு, மார்க் ஷீட் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணைக்கும் பழக்கம். விண்ணப்பிக்கும் கட்டத்தில் ஆதாரும் பானும் பொதுவாகத் தேவைப்படாது. வேலையில் சேரும்போது பி.எஃப்., வங்கிக் கணக்கு வேலைகளுக்காகக் கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும். போலி வேலை விளம்பரங்கள் மலிந்த காலம் இது. வேலையில் சேரும் முன்பே யாராவது ஆதாரை வற்புறுத்திக் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை, ஆதார் வழங்கும் யுஐடிஏஐ ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் என்று பணமும் கேட்டால் அந்த விண்ணப்பத்தை அத்தோடு விட்டுவிடுங்கள்.