ரிம்வேர்ல்டில் தனி முறியா, பொதுக்கூடமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூணாறு எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவன் நான். ஒரே கூரை, வரிசையாக வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். பக்கத்து வீட்டுத் தாத்தா இருமினால் எங்கள் தலையணையில் கேட்கும். அப்படி வளர்ந்தவன், அந்நிய கிரகத்தில் மாட்டிக்கொண்டவர்களை வைத்துக் காலனி கட்டும் கணினி விளையாட்டான ரிம்வேர்ல்டைத் திறந்ததும் என்ன செய்வான்? இறங்கிய மூன்று பேருக்கும் முதல் நாளே ஆளுக்கொரு முறி கட்டினேன். (அறையை முறி என்று சொல்லியே பழகிவிட்டது, மலையாளம் ஒட்டிக்கொண்டது.) அதுதான் என் முதல் தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்கலம் நொறுங்கித் தொடங்கும் வழக்கமான ஆட்டத்தில் கையில் இருப்பது 300 மரம். சுவர் ஒரு சதுரக் கட்டத்துக்கு 5, கதவு 25, கட்டில் 45. உள்ளே 3க்கு 3 உள்ள தனி முறி ஒன்றுக்குச் சுவரும் கதவும் சேர்ந்து 100. மூன்று முறியில் மரம் காலி, படுப்பதோ தரையில். அதே மரத்தில் 6க்கு 5 கூடம் ஒன்றைக் கட்டி மூன்று கட்டிலும் போட்டால் 285தான் ஆகும். குளிர் வந்தாலும் நடுவில் ஒரு தீ மூட்டினால் போதும், மூன்று பேருக்கும் சூடு கிடைக்கும்.

கூடத்தில் படுத்தால் மூட் குறையுமே என்பீர்கள். குறையும். படுமோசமான பாரக்ஸுக்கு (பலர் சேர்ந்து படுக்கும் கூடம்) மைனஸ் 7, படுமோசமான தனி முறிக்கு மைனஸ் 4. ஆனால் ஏழைக் காலனியில் ஆட்களின் எதிர்பார்ப்பும் குறைவு. ஆரம்பத்தில் அதற்காகவே 30 வரை மூட் கூடுதலாகக் கிடைக்கும். அந்தத் திண்டில் சாய்ந்துகொண்டு முதல் குளிர்காலத்தைத் தாராளமாகத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிர். கூடம் நன்றாகத்தானே ஓடுகிறது என்று அப்படியே விட்டுவிடுவது. காலனியில் சொத்து சேரச் சேர அந்த 30 படிப்படியாகக் குறைந்து, பெரிய காலனியில் 0 ஆகிவிடும். கூடம் மாறவில்லை, ஆனால் நேற்று வரை பொறுத்துக்கொண்டவன் இன்று பொறுக்கமாட்டான். சாதாரண ஆளுக்கு மூட் 35 சதவீதத்துக்குக் கீழே போனாலே கிறுக்குப் பிடிக்கும் வாய்ப்பு தொடங்கிவிடும். சாப்பாடு மிஞ்சி, கல் வெட்ட ஒரு ஆள் ஓய்வாகக் கிடைக்கும் நாளில் முறி கட்டத் தொடங்குங்கள். அதற்கு முன்னும் வேண்டாம், ரொம்பப் பின்னும் வேண்டாம்.

இடநெருக்கடியைவிட ஆட்களைக் கெடுப்பது காலடிச் சத்தம். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவள் என் காலனியின் சமையல்காரி. சாப்பாட்டுக் கிடங்கின் கதவை நான் கூடத்துக்குள்ளேயே வைத்திருந்தேன், நடை மிச்சமாகட்டும் என்று. அவள் விடியுமுன் எழுந்து இறைச்சி எடுக்கப் போவாள், வருவாள், மறுபடி போவாள். ஒவ்வொரு நடைக்கும் பக்கத்துக் கட்டில்காரனுக்குத் தூக்கம் கெட்டது என்று மூட் பட்டியலில் ஒரு வரி ஏறும். இரவுப்பறவை குணம் உள்ள இன்னொருவன் பகலில் தூங்குவான், ஊரே அவன் தலைமாட்டில் நடக்கும். ஐந்தாம் நாள் அவன்தான் வெறிபிடித்துத் தீ வைக்கக் கிளம்பினான். எரிந்ததும் அதே மரக்கூடம்தான்.

ஒருவர் நடக்கும் சத்தம் சுமார் ஏழு கட்டம் வரை போகும். சுவரும் மூடிய கதவும் அதைத் தடுத்துவிடும். எங்கள் லயத்துச் சுவரைவிட விளையாட்டுச் சுவர் எவ்வளவோ மேல்! கதவைத் திறந்தே வைக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் மட்டும் அந்தப் பயன் போயிற்று. ஆகவே படுக்குமிடம் எதுவானாலும் அது வழிப்பாதையாக இருக்கக்கூடாது. ஒருவர் முறிக்குள் புகுந்து அடுத்தவர் முறிக்குப் போகிற மாதிரிக் கட்டினால், தனி முறி கட்டியதே வீண்.

இங்கேதான் லயம் கைகொடுத்தது. முன்னால் ஒரு வராந்தா, அதை ஒட்டி வரிசையாக முறிகள், இரண்டுக்கு நடுவே ஒரே சுவர், ஒவ்வொரு கதவும் வராந்தாவுக்கு. தனித்தனியாக 300 மரம் தின்ற அதே மூன்று முறி இப்படி ஒட்டிக் கட்டினால் 250க்குள் முடியும். பொதுச்சுவரில் காற்றுத் துவாரம் வைத்தால் ஒரு ஹீட்டரின் சூடு அடுத்த முறிக்கும் போகும். தீக்குப் பயந்தால் கல்லில் கட்டுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் எரியாது.

சில சில்லறைத் தவறுகளும் உண்டு. ஜோடி சேர்ந்தவர்களைத் தனித்தனி ஒற்றைக் கட்டிலில் விடாதீர்கள், இரட்டைக் கட்டில் போடுங்கள். கூடத்தில் ஒரே ஒரு கட்டிலைக் கைதிக்கு என்று மாற்றினால் முழு அறையும் சிறையாகிவிடும். ஆளின் குணத்தைப் பார்க்காமல் முறி ஒதுக்குவதும் தவறுதான். அசெட்டிக் (துறவிக் குணம்) ஆளுக்கு அழகான அறை பிடிக்காது, ஓட்டை முறியைக் கொடுங்கள். ஜெலஸ் (பொறாமைக் குணம்) ஆளைவிட நல்ல முறி வேறு யாருக்காவது இருந்தால் மைனஸ் 8. ஆகவே சிறந்த முறி அவனுக்கே போகட்டும், தலைவன் யாராயிருந்தாலும் சரி.

பணம் வந்ததும் அலங்காரத்தில் இறங்குவது அடுத்த பொறி. முறியின் மதிப்பு செல்வம், அழகு, இடவசதி, சுத்தம் நான்கையும் பார்க்கிறது. அதில் எது மட்டமோ அது மொத்தத்தையும் கீழே இழுக்கும். இரத்தக்கறை படிந்த சின்ன முறியில் தங்கச் சிலை வைத்துப் பயனில்லை. போதாததற்குச் சொத்து மதிப்பு ஏறினால் ரெய்டும் (எதிரிகள் வந்து தாக்குவது) பெரிதாகும். நான் முதலில் துடைப்பம், பிறகு ஒரு கட்டம் அகலம், சிலை கடைசியில் என்று போகிறேன்.

எல்லாரும் முறிக்குப் போனதும் பழைய கூடத்தை இடித்துவிடாதீர்கள். அங்கேயுள்ள கட்டில்களை மருத்துவக் கட்டிலாக மாற்றினால் அதுவே ஆஸ்பத்திரி. எரிந்த பிறகு மறுபடி கட்டிய என் கூடம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. போன ரெய்டுக்குப் பிறகு நாலு பேர் அங்கே வரிசையாகப் படுத்திருந்தார்கள், சமையல்காரியும் அதில் ஒருத்தி.