அண்ணனின் தொப்பி தம்பியின் தலையில்: இன்னொருவரின் மேடை வேடத்தை எடுப்பவர்கள் விடும் தவறுகள்

எங்கள் இசைக்குழுவில் முன்பு ஒரு பாடகர் இருந்தார், எங்களுக்கெல்லாம் அண்ணன். பைலா என்ற துள்ளல் பாட்டுகளின் சுற்று தொடங்கினால், முதல் பாட்டைச் சனத்துக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாடுவார். தலையில் வெள்ளைத் தொப்பி, மைக்கைச் சுற்றிச் சிவப்புத் துவாய், தோளுக்கு மேலால் ஒரு பார்வை. திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலிருந்து மூதூர் வரை எந்தத் திருவிழாவிலும் அந்த முதுகுக்கே விசில் பறக்கும். பிறகு அவர் கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்த தம்பி தொப்பியையும் துவாயையும் முதுகையும் அப்படியே எடுத்துக்கொண்டான். பெயரைக்கூட விடவில்லை.

நான் பின்னால் ஓர்கன் வாசிக்கிறவன். தம்பி முதல் நாள் திரும்பி நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் திரும்பி நின்றதில் ஸ்டைல் ஒன்றும் இல்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் வருவதற்கு முன், ஆட்களையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதையில் ட்ரம்செட்டை ஏற்றி இறக்கித் திரிந்த காலம் அது. எங்களிடம் மொனிட்டர், அதாவது மேடையில் நிற்பவருக்கே சத்தம் கேட்க வைக்கும் பெட்டி, கிடையாது. முன்னால் வைத்த பெட்டிகளின் சத்தம் மேடைக்குக் கலங்கித்தான் வரும். அதனால் அண்ணன் ட்ரம்ஸ்காரரின் கையைப் பார்த்துத் தாளம் பிடிப்பார். ஒரு பாட்டுக்குள் காது பழகிவிடும், அப்புறம் சனத்தின் பக்கம் திரும்பிவிடுவார். துவாய் எதற்கு? மைக்கில் கரண்ட் அடிக்கும். தொப்பி எதற்கு? வழுக்கை. தம்பிக்குக் காலடியில் இரண்டு மொனிட்டர், கையில் வயர் இல்லாத மைக், தலை நிறைய முடி.

தவறுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது இதுதான். கண்ணில் பட்டதை எடுக்கிறோம், அது ஏன் வந்தது என்று கேட்பதில்லை. அந்த அண்ணனின் உண்மையான வித்தை வேறு. எந்த ஊருக்குப் போனாலும் மேடையேற முன் தேத்தண்ணிக் கடையில் அரை மணித்தியாலம் இருப்பார். அன்றைக்கு அந்த ஊரில் என்ன கதை ஓடுகிறது, யாருடைய வள்ளத்துக்குப் பெரிய மீன் பட்டது, எந்த அணி மேட்சில் தோற்றது என்று கேட்டுவைத்துப் பாட்டுக்கு நடுவில் சொருகுவார். சனம் அவரைத் தங்கள் ஊர் ஆளாக நினைத்தது அதனால்தான். தம்பி எடுக்க மறந்தது அந்த அரை மணித்தியாலத்தை. இத்தனைக்கும் அண்ணன் வட்ஸ்அப்பில் எப்போதும் இருக்கிற மனுசன். ஒரு கோல் எடுத்து, "அண்ணே, இதை ஏன் இப்படிச் செய்தீங்கள்?" என்று கேட்டிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பார்.

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எடுப்பது

பாடகரிடம் கேட்டுவிட்டேன், போதும்தானே என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஒரு வேடத்தைப் போட்டவர் ஒருவர், கற்பனை செய்தவர் இன்னொருவர், பணம் போட்டவர் மூன்றாமவர் என்று இருக்கலாம்.

அமெரிக்க டிஸ்கோக் குழுவான வில்லேஜ் பீப்பிளைப் பாருங்கள். பொலிஸ்காரர், கௌபோய், கட்டடத் தொழிலாளி என்ற அந்த வேடங்கள் 1977இல் ஜாக் மொராலி, ஹென்றி பெலோலோ என்ற இரண்டு பிரெஞ்சுத் தயாரிப்பாளர்களின் யோசனையிலிருந்து வந்தவை. முதலில் பாட்டு, பிறகுதான் ஆட்கள். ஆடத் தெரிய வேண்டும், மீசை வேண்டும் என்று விளம்பரம் போட்டு ஆள் பிடித்தார்கள். பொலிஸ்காரராக நின்ற முன்னணிப் பாடகர் விக்டர் வில்லிஸ் விலகியதும் ரே சிம்ப்சன் அதே வேடத்தில் வந்து பல பத்தாண்டுகள் பாடினார். பாட்டு வரிகளில் தனக்கிருந்த உரிமையை வில்லிஸ் நீதிமன்றம் போய் மீட்டார். 2017இல் குழுவின் பெயரையும் வேடங்களையும் பயன்படுத்தும் அனுமதியும் அவருக்கே கிடைத்தது. அத்தனை காலம் அந்த உடுப்பில் ஆடியவர்கள் வேறு பெயரில் மேடையேற வேண்டியதாயிற்று. முப்பது வருடத்துக்கு மேல் போட்ட உடுப்பு என்றாலும் உரிமை வேறு இடத்தில் இருந்தால் கழற்றத்தான் வேண்டும்.

எங்கள் அண்ணனின் கதையையே எடுங்கள். தொப்பி அவருடையது. அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் அறிவிப்பாளர். அண்ணன் மேடைக்கு வரும்போது வாசிக்கும் எட்டு வினாடி இசை என்னுடையது. தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோசமாகக் கொடுத்திருப்பேன். கேட்காததால் மூன்று மாதம் மனதுக்குள் புழுங்கினேன். (அந்த மூன்று மாதமும் அதை அரைக் கட்டை கூட்டி வாசித்தேன். யாருக்கும் தெரியவில்லை.)

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் இதற்குரியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ஒருவர் நடக்கிற நடை, கையசைப்பு போன்ற வெறும் பாணிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் இன்னொருவரின் பெயரையும் தோற்றத்தையும் போட்டு, வருவது அவர்தான் என்று சனம் நம்பும்படி போஸ்டர் அடித்தால் அது நியாயமற்ற போட்டி என்ற பகுதிக்குள் வரும்.

ஆள் மாறியதைச் சொல்லாமல் விடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை என்பேன்.

முகத்தில் சாயம் பூசி ஆடிய அமெரிக்க ரொக் குழுவான கிஸ், ஆள் மாறும்போது இரண்டு வழியையும் பார்த்தது. பூனை முகம் பூசிய பீட்டர் கிறிஸ் விலகியபோது, 1980இல் வந்த எரிக் காருக்கு நரி முகம் கொடுத்தார்கள். ஏஸ் ஃபிரேலிக்குப் பதிலாக 1982இல் வந்த வின்னி வின்சன்ட்டுக்கும் புதிய முகம். புதியவர் புதியவராகவே வந்தார், பெரிய சண்டை இல்லை. 2000க்குப் பிறகு வழி மாறியது. ஃபிரேலியின் விண்வெளி மனிதன் முகம் டொமி தேயருக்கும், பூனை முகம் எரிக் சிங்கருக்கும் போனது. குழு 2023 டிசம்பரில் கடைசிக் கச்சேரி நடத்தும் வரை தேயர் அந்த முகத்தில் நின்றார். கூட்டிப் பார்த்தால் அதை முதலில் போட்டவரைவிட அதிக காலம். நன்றாகவே வாசித்தார். இருந்தும் இரசிகர்களில் ஒரு பகுதி அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர்களுடைய கோபம் அவர் வாசிப்பில் இல்லை. பழைய முகத்துக்குள் வேறு ஆளை வைத்து, ஒன்றுமே மாறாதது போல் நடந்துகொண்டார்களே என்பதுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடும் அவுஸ்திரேலியக் குழுவான தி விகிள்ஸ். மஞ்சள் சட்டைக்காரர் கிரெக் பேஜ் நோயால் பாட முடியாமல் போனபோது, 2006இல் அதை வெளிப்படையாக அறிவித்து, ஏற்கெனவே பதிலாள் நின்ற சாம் மொரனிடம் மஞ்சள் சட்டையைக் கையளித்தார். மூன்று வயதுப் பிள்ளைக்கே ஆள் மாறியதைச் சொல்லலாம் என்றால், மைதானத்தில் நிற்கும் பெரிய ஆட்களுக்குச் சொன்னால் என்ன?

எங்கள் பக்கத்தில் இது புதிய விஷயமும் இல்லை. மட்டக்களப்புக் கூத்தில் அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) ஒருவருக்குச் சட்டம், அதாவது பாத்திரத்துக்குரிய பாட்டு ஏடு, கொடுத்தால், இந்த முறை அருச்சுனன் யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பிறகு சதங்கை அணி, அப்புறம் அரங்கேற்றம். ஒவ்வொரு படியும் சபைக்கு முன்னால்தான். போன தலைமுறையின் அருச்சுனன் முன்வரிசையில் இருந்து பார்ப்பார், பிழை விட்டால் திட்டுவார். ஒரு வித்தியாசம் உண்டு. அருச்சுனன் ஊருக்குப் பொது. பொப் பாடகரின் வேடம் ஒரு குறிப்பிட்ட மனிதரின் உடம்பிலிருந்து, அவருடைய குறையிலிருந்துகூட, வந்தது. ஆகவே இங்கே இன்னும் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜெர்மன் தயாரிப்பாளரின் கதை போதும். 1975இல் பொனி எம் என்ற பெயரில் அவரே பாடி ஒரு தட்டு வெளியிட்டார். பிறகுதான் மேடைக்கு ஆட்களைச் சேர்த்தார். பொபி ஃபாரல் ஆடினார், தட்டில் கேட்ட ஆண் குரல் ஃபாரியனுடையது. அது தப்பிவிட்டது. அதே வித்தையை மில்லி வனில்லி என்ற இன்னொரு குழுவில் செய்தபோது தப்பவில்லை. இரண்டு இளைஞர்கள் வேறு ஆட்களின் குரலுக்கு வாயசைத்தது வெளியே வந்து, 1990 நவம்பரில் கிராமி விருது பறிபோனது. அவமானம் முழுக்க விழுந்தது அந்த இருவரின் தலையில். வேடத்தை உண்டாக்கியவர் தொழிலைத் தொடர்ந்தார். புதிதாக வரும் பாடகர்கள் இந்தக் கடைசி வரியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

சுருதியும் பழைய பகிடியும்

முன்னவர் பாடியது ஐந்து கட்டையில் என்றால் நீங்களும் ஐந்தில் பாட வேண்டியதில்லை. ஓர்கனில் ஒரு பட்டன் அழுத்தினால் இறங்கிவிடும். தொண்டையைக் கிழித்துக்கொண்டு அவர் மாதிரிப் பாடுவதைச் சனம் பாராட்டாது, பாவம் பார்க்கும்.

பகிடியைப் பற்றி ஒன்று. பழைய வேடத்தோடு பழைய பகிடியும் வரும். மாமியாரைப் பற்றி, கறுப்பு நிறத்தைப் பற்றி, வேறு சமூகத்தவர் தமிழ் பேசும் விதத்தைப் பற்றி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கச்சேரி பார்க்கும் ஊர் திருமலை. அண்ணன் அந்தக் காலத்தில் அதைச் சொல்லும்போது சிரித்தார்கள் என்பது உண்மை. சிரிக்காமல் நின்றவர்களை மேடையிலிருந்து எங்களுக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை. அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். வேடம் குறையாது.

இறந்தவரின் உடுப்பு

போனவர் உயிரோடு இருந்தால் கேட்கலாம். இறந்துவிட்டால்? ரப்பர் அரக்கர்களாக வேடமிட்டு ஆடும் அமெரிக்கக் குழுவான குவார் ஒரு வழி காட்டியது. 2014இல் அதன் முன்னணிப் பாடகர் டேவ் புரொக்கி இறந்தார். அவருடைய அரக்கனின் உடுப்பை இன்னொருவருக்குப் போடவில்லை. இரசிகர்கள் முன்னால் தீயிட்டு வழியனுப்பினார்கள். புதிய பாடகர் புதிய அரக்கனாக வந்தார். கேட்கப் பைத்தியக்காரத்தனம், ஆனால் இதைவிட மரியாதையான காரியத்தை நான் அறியேன். குயின் குழுவோடு பாடும் அடம் லாம்பர்ட்டும் அதன் மறைந்த பாடகர் ஃபிரெடி மேர்குரியின் மீசையை ஒட்டிக்கொண்டு வரவில்லை. போஸ்டரில் குழுவின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்.

இங்கே பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் 2018 ஜனவரியில் காலமான பிறகும், எங்கள் மேடைகளில் 'சுராங்கனி' இல்லாமல் பைலாச் சுற்று முடிவதில்லை. அதைப் பாடுவதில் பிழையே இல்லை. "அடுத்த சிலோன் மனோகரன்" என்று அறிவிப்பாளர் கூவும்போதுதான் எனக்குக் காது கூசும். பாடகன் உடனே மைக்கை வாங்கி, "இல்லை, நான் அவர் பாட்டைப் பாட வந்தவன்" என்று சொல்லிவிடுவது நல்லது. ஐந்து வினாடி வேலை.

முதல் ஆள் திரும்பி வந்தால்

இதை யாரும் யோசித்து வைப்பதில்லை. முன்பு சொன்ன விகிள்ஸ் கதையிலும் 2012 ஜனவரியில் கிரெக் பேஜ் குணமாகித் திரும்பி வர, சாம் மொரன் வெளியே போனார். அவரோடு பழகிவிட்ட பிள்ளைகளின் பெற்றோர் பலர் கோபப்பட்டார்கள். அவ்வளவு ஒழுங்காகக் கைமாறிய சட்டையே அந்தப் பாடு பட்டது. வேடத்தை வாங்கும்போதே, அவர் விடுமுறைக்கு வந்தால் என்ன, நிரந்தரமாக வந்தால் என்ன என்று பேசிவைத்துவிட வேண்டும்.

எங்கள் அண்ணன் போன வருடம் வந்தார். அதற்குள் தம்பி ஓரளவு தேறிவிட்டான். துவாயை விட்டுவிட்டான், தன் சொந்தப் பெயரில் பாடுகிறான், கச்சேரிக்கு முன் தேத்தண்ணிக் கடையிலும் இருக்கப் பழகிவிட்டான். தொப்பி மட்டும் மிச்சம். உப்புவெளியில் ஒரு கோயில் திருவிழா. அண்ணன் முன்வரிசையில் இருப்பதைக் கண்டதும் தம்பி மேடைக்குக் கூப்பிட்டு, இந்தத் தொப்பி யாருடையது என்று சனத்துக்குச் சொல்லிவிட்டு, அதைக் கழற்றி அவருக்கே போட்டுவிட்டான். நான் அந்த எட்டு வினாடி இசையை, சரியான கட்டையில், வாசித்தேன்.

அண்ணனின் காலடியில் இரண்டு மொனிட்டரும் தெளிவாக அலறிக்கொண்டிருந்தன. பாட்டுத் தொடங்கியது. அவர் மெல்லத் திரும்பி, சனத்துக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, ட்ரம்ஸ்காரனின் கையைப் பார்க்கத் தொடங்கினார். அவனுக்கு இருபது வயது, ஏதோ பிழை விட்டுவிட்டேனா என்று பயந்துபோனான். விசில் நிற்கவே இல்லை.